இல்லாத எட்டுத் தூண்கள்

கணினித் திரையில் ஒரு தூண் வரைவது மிகவும் சுலபம். ஒரு சின்னச் சதுரம், அதற்குள் கறுப்பு. ஒன்றை வரைந்துவிட்டால் மற்றவற்றை நகலெடுத்து வேண்டிய இடத்தில் வைத்துவிடலாம். சாலை பஜாரில் என் அப்பா வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக் கட்டடத்துக்கு நான் அப்படி எட்டுத் தூண்கள் வரைந்தேன். பக்கத்தில் 'ஏற்கெனவே உள்ளவை' என்று எழுதினேன். அந்தக் கட்டடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், கட்டட வரைபடம் போட்டு மாநகராட்சி அனுமதி வாங்கிக்கொடுக்கும் ஓர் ஆபீசில் வேலை பார்த்தேன். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அப்பாவின் முதலாளிதான். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா இருபத்தெட்டு வருஷமாக அவருடைய கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். சுவரெல்லாம் வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும். அதன் மேல் கான்கிரீட்டில் இன்னொரு தளம் எழுப்ப முதலாளிக்கு ஆசை.

"சார், இங்கே பில்லர் ஒண்ணும் இல்லையே" என்று எங்கள் ஆபீஸ் சாரிடம் கேட்டேன். அவர் மலையாளி. என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

"மோளே, இதொக்கெ ஒரு ஃபார்மாலிட்டி அல்லே. பேப்பர்ல பில்லர் வேணும். அவர் பின்னே சரியாக்கிக்குவார். நீ வரைஞ்சு தா."

வரைந்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. பார்வையிட வந்த அதிகாரி கடையின் முன்பக்கத்திலேயே உட்கார்ந்து குளிர்பானம் குடித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பட்டுச் சேலையோடு போனார் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம்தான் கிள்ளிப்பாலத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு நைஜீரியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் குடிவந்தார். லாகோஸ் நகரத்துக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பழைய கட்டடங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லூரி விடுதியில் இடம் இல்லை, ஏழெட்டு வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். என் அம்மா மட்டும், "பாவம், சோறு தின்னாத மொகமா இருக்கு" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். வெளிநாட்டவர் தங்கினால் போலீசுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டிய படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கு அவரை எங்கள் வீட்டோடு ஒட்டவைத்தது. அவர்கள் ஊரிலும் அதுதான் தினச் சாப்பாடாம். மரச்சீனியைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து மாவாக்கி வைத்துக்கொள்வார்கள். அம்மாவும் அவருமாக மொட்டை மாடியில் அதைச் செய்து பார்த்தார்கள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அம்மா தமிழில் திட்டுவாள், அவர் ஆங்கிலத்தில் சிரிப்பார். ஒரு மாதத்தில் "அம்மா, சாப்ட்டாச்சா?" என்று அவர் கேட்கப் பழகியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் துணி காயப்போட நான் மாடிக்குப் போகும்போது பேசிக்கொண்டிருப்போம். என்னிடம் அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். எதையும் உடனே நல்லது கெட்டது என்று சொல்லிவிட மாட்டார், பார்த்ததைச் சொல்வார். பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிறையும் என்பார். கடைக்காரர்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஆனால் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜைமேல் வைக்கிறார்கள் என்பார். கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருமுறை, விசா நீட்டிப்புக்காக ஓர் ஆபீசில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சொன்னார்: "எங்கள் ஊரில் காசு கேட்பவன் கையை நீட்டுவான். ரோட்டில் வண்டியை நிறுத்தி, 'வார இறுதிக்கு எங்களுக்கு என்ன கொண்டுவந்தாய்?' என்று போலீஸ்காரன் சத்தமாகக் கேட்பான். இங்கே யாரும் கேட்பதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்."

"எது பரவாயில்லை?" என்று கேட்டேன்.

"கையை நீட்டுகிறவனைத் திட்டலாம். பேனாவை வைத்தவனை என்னவென்று திட்டுவது?"

அந்த ஓணத்துக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துத் தரலாம் என்று அப்பா கடைக்குக் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். புதுத் தளத்தின் வேலை அநேகமாக முடிந்திருந்தது. தலைக்கு மேலே டைல்ஸ் வெட்டும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. வேட்டியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று திரும்பி மாடிப்படிக்குப் பின்னால் போனார். சுவரில் மேலிருந்து கீழே சரிவாக ஒரு விரிசல் ஓடியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைப்பதுபோல இருந்தது.

"தூண்கள் எங்கே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பில் போடும் மேஜைப் பக்கம் நடந்தேன்.

அடுத்த வாரம், படிப்புக்காக என்று சொல்லி அப்பாவிடம் அனுமதி கேட்டார். மைக்ராஸ்கோப்புக்கு வைப்பது போன்ற மெல்லிய கண்ணாடித் துண்டுகள் மூன்றை விரிசலுக்குக் குறுக்காகப் பூச்சுக்கலவை வைத்து ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். வாராவாரம் வந்து விரிசலின் அகலத்தை அளந்து தன் நோட்டில் குறித்துக்கொண்டார். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். முதல் கண்ணாடி ஒன்பதாவது நாள் உடைந்தது. இரண்டாவது, நல்ல மழை பெய்த ஒரு மதியம். மூன்றாவதை யாரோ பெருக்கும்போது தட்டிவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். அப்பா பொய் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

பூஜை விடுமுறையில் எல்லோருமாகக் கல்லாறு போனோம். அப்பாவும் அம்மாவும் கரையில் ஒரு பாறை நிழலில் படுத்துவிட்டார்கள். தண்ணீர் முழங்கால்வரைதான் இருந்தது. ஆனாலும் கரையெங்கும் எச்சரிக்கைப் பலகைகள். மலையில் மழை பெய்தால் இங்கே சொல்லாமல் வெள்ளம் வரும் என்று கரையோர டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் தண்ணீரில் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

லாகோஸில் அக்கா பெண்களுக்குத் தலை பின்னிவிடும் கடை வைத்திருந்தாள். மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். அதன்மேல் உரிமையாளர் இன்னும் இரண்டு மாடி கட்டினார். கொஞ்ச நாளில் கடையின் கதவு உரச ஆரம்பித்தது. தச்சர் வந்து கதவைச் சீவினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி உரசியது, மறுபடி சீவினார்கள்.

"நான் அப்போது கட்டடப் படிப்பில் முதல் வருஷம். அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். தரையில் மரத்தூள் கிடந்தது. கட்டடம் அமுங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டேன். வாடகை இங்கேதான் குறைவு என்றாள். சரி என்று கிளம்பிவிட்டேன்." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினெட்டு நாள் கழித்து விழுந்தது. பகல் பதினொரு மணி. அக்கா உள்ளே இருந்தாள். வாசலில் ரொட்டி விற்கிறவனுக்கும் தெரியும், தச்சனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேப்பரில் குற்றவாளி என்று ஓர் ஆபீசர் படத்தை மட்டும் போட்டார்கள்."

ஆற்றின் சத்தம் பெரிதாகக் கேட்டது. நான் அதற்கு முன் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அந்த எட்டுத் தூண்களை வரைந்தது நான்தான் என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"ரெண்டு தளத்திலும் விற்பனைக்குப் பதினாலு பேர். மேலே தையல்காரர்கள் ஆறு பேர். புதுத் தளத்தில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் தங்கப்போகிறார்களாம்."

"என்னால் புகார் எழுத முடியாது" என்றார். "நான் இந்த ஊரில் இருப்பதே ஒரு போலீஸ்காரரின் முத்திரையில். நீ எழுதலாம்."

நான் எழுதினேன். ஆனால் பெயர் போடாமல் எழுதினேன். அவருடைய நோட்டில் இருந்த அளவுகளை, விரிசல் எந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையெல்லாம், அவரிடம் கேட்காமலே பார்த்து எழுதினேன். கனமாக இருந்தால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். மாநகராட்சிக்குத் தபாலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை. வெள்ளை வேட்டி, கையில் ஒரு பழக்கூடை. அப்பா நின்றுகொண்டே இருந்தார். அம்மா கொடுத்த காப்பியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு முதலாளி பேசினார்.

"தங்கச்சி, மாடியில வெளிநாட்டுப் பையனை வச்சிருக்கீங்களாமே? நல்ல பையன்தான், கடையில பாத்திருக்கேன். ஆனா காலம் சரியில்ல பாத்துக்கிடுங்க. இவனுவ கஞ்சா, பொடின்னு விக்கான்னு டிவியில தெனமும் சொல்லுகான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்காரங்களைத்தான் முதல்ல பிடிப்பான். கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளை வேற வீட்டுல."

"அப்படியொண்ணும் இல்லை மொதலாளி. அவன் படிப்பும் தானுமா இருக்கான்" என்றாள் அம்மா.

"படிப்பு இருக்கட்டும், தங்கச்சி. படிச்சவன்தான் கண்ட கண்ட கணக்கெல்லாம் எழுதி ஆபீசுக்கு அனுப்புகான்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மோளுக்கு வேலையெல்லாம் சொகமா?"

"சொகம்" என்றேன்.

என் கடிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டுமோ அங்கே போய், அங்கிருந்து அவர் கைக்கே வந்துவிட்டது. அதை எழுதியது மாடியில் இருப்பவர் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். குரலை உயர்த்தவே இல்லை. பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். மாடி அறையில் டப்பாக்களைத் திறந்தார்கள். ஒரு டப்பாவில் வெள்ளையாக மாவு இருந்தது. இளையவர் அதைக் கிள்ளி முகர்ந்தார். இன்னொருவர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"அது மரச்சீனி மாவாக்கும் சார்! நானும் சேர்ந்து இடிச்சதாக்கும்!" என்று அம்மா பதறினாள்.

"ஒண்ணும் பேடிக்கண்டாம் அம்மே. ஒரு செக்கிங், அத்ரெ உள்ளூ" என்றார் மூத்தவர். பயப்படாதீர்கள், வெறும் சோதனைதான் என்று அர்த்தம். மாவை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தகவல் இல்லாததுதான் எங்களைத் தின்றது. வாசலில் பைக் நின்றாலே அம்மா ஜன்னலுக்கு ஓடுவாள். தெருவில் மற்றவர்கள் எங்களோடு பேசும் நேரம் குறைந்தது.

பத்து நாள் கழித்து அப்பா மாடிக்குப் போனார். கீழே இறங்கி வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாடி அறையைக் காலி செய்து அவர் போகும் அன்று ஆட்டோவில் பெட்டியை நான் ஏற்றினேன். கடிதம் எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவுகள் வேறு யாரிடமும் கிடையாது. போலீஸ் கேட்டபோதும், அப்பா போகச் சொன்னபோதும் என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். அவர் கையால் நிறுத்தினார்.

"ஒன்று மட்டும் சொல்கிறேன். கதவு சீவுகிற நாள் வந்தால், அப்பாவை வேலைக்கு அனுப்பாதே."

கல்லூரிக்குப் பக்கத்தில் வேறு மூன்று மாணவர்களோடு தங்கி அவர் படிப்பை முடித்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அம்மா மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அப்பா சொன்னார்: "இன்னைக்குக் கடைக்கு ஆசாரி வந்திருந்தான். பின்னால குடோன் கதவு மழைக்கு ஊதிப் போச்சாம். சீவிட்டுப் போறான்."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்பா, நாளைக்குப் போகாதீங்க."

"என்ன பிள்ளே?"

எல்லாவற்றையும் சொன்னேன். தூண்களை, கடிதத்தை, லாகோஸில் விழுந்த கட்டடத்தை. அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா கோபப்படவில்லை, ஆச்சரியமும் படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "எல்லாவனுக்கும் தெரியும் பிள்ளே. தையல்காரங்க மதியத்துக்குச் சாப்பிட ரோட்டுக்கு எறங்கி வந்திருகான். முந்தி அங்கேயே இருந்துதான் சாப்பிடுவான். நான் சேலை செக்‌ஷனை விட்டு வாசல் பக்கம் துண்டு, லுங்கிக்கு மாறி மூணு மாசமாச்சு. காலு வலிக்கு, படி ஏற முடியலைன்னு மொதலாளிகிட்ட சொன்னேன்."

"அப்போ வாங்க வர்றவங்க?"

அவர் மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

இந்த முறை பெயர் போட்டு, விலாசம் போட்டு, நான் வரைந்த வரைபடத்தின் நகலையும் வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாநகராட்சி ஆபீசில் அதை வாங்கிய பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கள் வரைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, யோசித்துத்தானா?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்றதும் முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த ஒரு கேள்வியைத் தவிர அங்கே யாரும் என்னிடம் மனிதராகப் பேசவில்லை.

விசாரணை நடந்தது. இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். விரிசல் இருந்த இடத்தில் புதிதாகச் சிமெண்ட் பூசி, அதன்மேல் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் தாக்கலானது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் ஆபீஸ் சார். புதுத் தளத்தில் ஆள் தங்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு வந்தது. தென்காசிப் பையன்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் படுத்திருந்த இடத்தில் துணி மூட்டைகளை அடுக்கினார்கள். ஆட்களைவிட அவை எத்தனை மடங்கு கனம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். மூன்றாவது மனு எழுதினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

என் வேலை போயிற்று. சார் என்னைத் திட்டவில்லை. "மோளுக்கு நல்ல பாவி உண்டு, இந்த ஃபீல்டு வேண்டாம்" என்றார். மலையாளத்தில் 'பாவி' என்றால் எதிர்காலம். உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்பதை அவர் மிரட்டலாகத்தான் சொன்னார். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறேன்.

அப்பாவை முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை. "ஒம்ம மோள் சின்னப் பிள்ளை, நான் ஒண்ணும் மனசுல வைக்கல வே" என்று தோளில் தட்டினாராம். அப்பா அதற்குப்பின் ஏழு நாள் வீட்டில் இருந்தார். எட்டாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் நானும் வாசலை மறித்து நின்றோம். "இந்த வயசில என்னை வேற யாரு எடுப்பா?" என்று கேட்டார். ஒதுங்கி நின்றோம்.

மாடியில் இருந்தவர் படிப்பு முடிந்து லாகோஸுக்குத் திரும்பிவிட்டார். அங்கே கட்டடங்களைச் சோதிக்கும் வேலை என்று கேள்விப்பட்டு நான்தான் முதலில் செய்தி அனுப்பினேன். நீளமாக மன்னிப்புக் கேட்டிருந்தேன். மறுநாள் குரல் பதிவு ஒன்று வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "அப்பா எங்கே?" என்று மட்டும் கேட்டிருந்தார். கடையில் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டார் என்பது தெரிந்தது. இப்போதும் மழைக்காலத்தில் எப்போதாவது அதே கேள்வி வரும். நானும் அதே பதிலை அனுப்புவேன்.

போன ஓணத்துக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். தள்ளுபடி விற்பனை. சாலை பஜார் முழுக்கத் தலைகள். கடை வாசலில் செண்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் நான் மேல்தளச் சுவரை அண்ணாந்து பார்த்தேன். உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் பாத்திரக்கடையோரம் நின்று, வாசலுக்கு வந்த அப்பாவின் கையில் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி எதிர்ப்பக்கமே வந்தேன்.

ஒரு பெண் என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. "சேச்சி, பட்டு செக்‌ஷன் மேலேயா கீழேயா?" என்று தமிழில் கேட்டாள். பேச்சைப் பார்த்தால் நாகர்கோவில் பக்கம்.

"மேலே" என்றேன். அப்புறம் சொன்னேன்: "போகாதீங்க. அந்தக் கட்டடம் நல்லதில்லை. சத்தியமா சொல்லுகேன், வேற கடைக்குப் போங்க."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தி, குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போட்டிக் கடைக்காரன் நிறுத்திய ஆள் என்று நினைத்தாளோ, கிறுக்கு என்று நினைத்தாளோ தெரியாது. கூட்டத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கிருந்து நகரவில்லை. மழை தூற ஆரம்பித்தது. பாத்திரக்கடைக்காரர் உள்ளே வந்து நிற்கச் சொன்னார், வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் அவள் இரண்டு பைகளோடு வெளியே வந்தாள். குழந்தை ஒரு பலூன் வைத்திருந்தது. அவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வாசலில் இன்னொரு கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது.